மாலையில் கறுக்கும் பனி

நவம்பர் 17, திங்கள்

இன்று முதல் எனக்கு அண்டார்டிகா. லேபில் எனக்கு சீனியர் கஜா அண்ணா அப்படித்தான் சொன்னார். "இமயமலையை வேற ஆளு பாத்துக்கட்டும். நீ இனிமே தென் துருவம். ஸ்வெட்டர் எடுத்துனு வா." எங்கள் லேபில் ஏசி எப்போதும் பதினெட்டில் ஓடும். ஸ்வெட்டர் உண்மையிலேயே தேவைதான். அவர் சொன்னது நகைச்சுவை என்று புரிந்து நான் சிரித்தபோது அவர் டீ குடிக்கப் போயிருந்தார்.

வேலை இதுதான். அங்கே இனிமேல்தான் கோடை, பனி உருகும் காலம். செயற்கைக்கோள் மேலேயிருந்து பனிமேல் ரேடியோ அலையை அனுப்பும். காய்ந்த பனி அதைத் திருப்பி அனுப்பும், படத்தில் வெள்ளையாக விழும். பனிக்குள் கொஞ்சம் ஈரம் ஊறினால்கூட அலையை விழுங்கிவிடும், படத்தில் கறுப்பாக விழும். தினமும் காலைப் படத்தை எடுத்து, கடலில் மிதக்கிற அந்தப் பெரிய பனித்தட்டில் எங்கே உருகுகிறது, எங்கே உருகவில்லை என்று வரைபடம் செய்து, மதியத்துக்குள் அங்கிருக்கும் நம் ஆய்வு நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். அதைப் பார்த்துத்தான் அவர்கள் எந்தப் பக்கம் வண்டி ஓட்டலாம் என்று முடிவு செய்வார்களாம்.

சாயங்காலம் அம்மாவிடம் போனில் சொன்னேன். அம்மா தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறாள். எங்கள் ஊர்ப்பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். "உருகுதா உருகலியான்னு பாக்குறதா வேல? நான் குச்சியில மருந்து காஞ்சிருச்சா காயலியான்னு பாக்கேன். ரெண்டும் ஒண்ணுதான் போ" என்றாள். பெரிய நிம்மதி அவளுக்கு.

நவம்பர் 20, வியாழன்

திங்களும் வியாழனும் காலை ஒன்பது மணிக்கு நிலையத்திலிருந்து போன் வரும். எங்கள் துறைத் தலைவர் ஹெப்சிபா மேடம் அறையில் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்போம். அங்கே குழுத் தலைவர் பட்நாயக் சார். அவரும் மேடமும் ஆங்கிலத்தில் வேகமாகப் பேசுவார்கள். எனக்கு ஆங்கிலம் புரியும். ஆனால் சொல்ல வேண்டிய வாக்கியம் எனக்குள் ஒழுங்காக வந்து நிற்பதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விடும். அதனால் நான் எழுதிக்கொள்வதோடு சரி.

கடைசியில் பனிக்குழி தோண்டி அளப்பவர் அளவுகளை வாசித்தார். சிவநேசன். மயிலாடுதுறைக்காரர். ஆழம், வெப்பம், அடர்த்தி என்று அவர் எண்களை வாசிக்கும்போது ஒவ்வொரு எண்ணுக்கும் பிறகு சின்ன இடைவெளி வருகிறது. நிதானமான ஆள் என்று நினைத்தேன். "அது நிதானம் இல்லம்மா, தூரம். சிக்னல் மேல போயிட்டு வரணும்ல" என்றார் கஜா அண்ணா.

"புதுசா எழுதறவங்க பேரு என்னங்க?" என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்.

நான் சொல்வதற்குள் கஜா அண்ணா முந்திக்கொண்டார். "பேச்சியம்மாள். பேரு பேச்சி, ஆனா பேச்சு மட்டும் வராது."

எல்லோரும் சிரித்தார்கள். இடைவெளிக்குப் பிறகு அந்தப் பக்கச் சிரிப்பும் வந்து சேர்ந்தது. பிறகு அவர், "பேச்சியம்மா, நான் வெளிய நின்னு கையாட்டினா உங்க படத்துல தெரிவேனா?" என்றார்.

"ஒரு கட்டம் நாலரை கிலோமீட்டர் சார். தெரியாது" என்றேன்.

மேடம் சத்தமாகச் சிரித்துவிட்டார். சரியான பதில்தான். ஏன் சிரித்தார்கள் என்று ஹாஸ்டல் வரும்வரை யோசித்தேன்.

நவம்பர் 27, வியாழன்

அங்கே டப்பாக் காய்தானாம். "இன்னிக்கு நீங்க என்ன சாப்பிட்டீங்க, அதைச் சொல்லுங்க, காதாலயாவது சாப்பிடறேன்" என்றார் சிவநேசன் சார். ஹாஸ்டலில் காலையில் ரவை உப்புமா. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அம்மா வைக்கும் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு என்று சொல்லிவிட்டேன். எந்த ஊர் என்று கேட்டார். சாத்தூர் பக்கம் என்றேன்.

"காராச்சேவு ஊரா! அடடா. பிப்ரவரில கப்பல் ஏறினா மார்ச்ல வந்துடுவேங்க. நேரா உங்க லேபுக்குத்தான். காராச்சேவு இருக்கணும் சொல்லிட்டேன்."

"சரி சார்" என்றேன்.

பனிக்குழி வெப்பம் மைனஸ் பதினொன்று. அடர்த்தியில் ஒரு எண்ணை எழுத விட்டுப்போனது. நாளை மின்னஞ்சலில் கேட்க வேண்டும்.

நவம்பர் 30, ஞாயிறு

கனவில் எங்கள் தெரு முழுக்க வெள்ளை. குழாயடியில் குடங்கள் வரிசையாக இருக்கின்றன, குடங்களுக்குள்ளும் வெள்ளை. நடந்தால் சத்தமே இல்லை. குளிரவும் இல்லை. குளிர் எப்படி இருக்கும் என்று என் கனவுக்குத் தெரியாது போல.

டிசம்பர் 4, வியாழன்

மழை. துணி காயவில்லை. ஹாஸ்டல் மாடியில் கொடி முழுக்க ஈரம். ஃபேனுக்கடியில் சுடிதாரைப் பிடித்துக்கொண்டு நின்று, பேருந்தைத் தவற விட்டு, லேபுக்கு ஓடினேன். போன் வந்தபோது மூச்சு வாங்கியது. புது துப்பட்டா போட்டிருந்தேன். போன்தான், யார் பார்க்கப் போகிறார்கள்.

பனித்தட்டு முழுக்க வெள்ளை.

டிசம்பர் 16, செவ்வாய்

இதைப் பொறுமையாக எழுத வேண்டும்.

மதியத்திலிருந்து நிற்காத மழை. மூன்று மணிக்கெல்லாம் கஜா அண்ணா பைக்கில் கிளம்பிவிட்டார். சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்பதால் என் பேருந்து வராது என்றார் வாட்ச்மேன். நான் எப்போதும் ஐந்தே காலுக்குக் கிளம்பிவிடுவேன். இன்று போக வழியில்லாமல் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. வெளியே வேப்பமரம் கரைந்துபோனது போல இருந்தது.

அப்போது கணினியில் மாலைப் படம் வந்து இறங்கியது. அது தினமும் வருவதுதான். ஆனால் நாங்கள் யாரும் பார்ப்பதில்லை. காலைப் படத்தில் வரைபடம் செய்து அனுப்பியாகிவிடும், மாலைப் படம் தானாகப் போய் ஒரு மூலையில் சேர்ந்துகொள்ளும். பொழுது போகாமல் திறந்தேன்.

பனித்தட்டின் நடுவில், வெள்ளைக்குள், ஒரு கறுப்பு. உள்ளங்கை அகலம். ஏழெட்டுக் கட்டங்கள்.

காலைப் படத்தைப் பக்கத்தில் வைத்தேன். அதே இடம் வெள்ளை. நேற்றைய மாலை: கறுப்பு. இன்று காலை: வெள்ளை. முந்தைய மாலைகளைத் திறந்துகொண்டே போனேன். ஒரு வாரமாக இப்படி. மத்தியானத்தில் உருகி, காலைக்குள் உறைந்து, நாங்கள் பார்க்கும்போது ஒன்றும் நடக்காதது போல இருந்திருக்கிறது.

ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பயமாக இல்லை. யாரோ தனியாக இருக்கும்போது அவர்களைப் பார்த்துவிட்டது போல ஒரு கூச்சம்தான் இருந்தது.

டிசம்பர் 18, வியாழன்

போனில் எப்படிக் கேட்பது என்று நேற்று முழுக்க ஒத்திகை பார்த்தேன். கேட்டே விட்டேன். "சார், மத்தியானத்துல பனி எப்படி இருக்கும்?"

"மத்தியானமா? மத்தியானம் நாங்க வெளியவே போறதில்லைங்க. காலைல பனி நல்லா கெட்டியா இருக்கும், கால் புதையாது, குழி தோண்டறது, வண்டி ஓட்டறது எல்லாம் அப்பவே முடிச்சுடுவோம். மத்தியானம் சாப்பாடு, அப்புறம் ஒரு தூக்கம். ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான் சார்."

வரைபடம் சரியா என்று நாங்கள் அவர்களைக் கேட்கிறோம். அவர்கள் காலையில் போய் மிதித்துப் பார்த்து, கெட்டியாக இருக்கிறது, சரி என்கிறார்கள். நாங்களும் காலையில், அவர்களும் காலையில்.

டிசம்பர் 22, திங்கள்

கஜா அண்ணாவிடம் காட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

"பேச்சி, இந்த வரைபடம் பதினாலு வருஷமா காலைப் படத்துல போட்டுனு வர்றோம். நடுவுல நீ சாயங்காலத்தை நுழைச்சா, போன வருஷத்தோட இந்த வருஷத்தை எப்படி ஒப்பிடுவ? அதுவும் இல்லாம பழைய செயற்கைக்கோள்ல மாலைப் படம் எல்லாம் கண்டபடி வரும். கறுப்பு வந்தா ஈரம்னு எப்படிச் சொல்ற? கோளாறா இருக்கலாம்ல?"

"இது புது செயற்கைக்கோள்ணா."

"வழக்கம் பழசுதானே."

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மதியம் தயிர்சாதம். ஊறுகாய் தீர்ந்துவிட்டது.

டிசம்பர் 29, திங்கள்

இன்று போனில் பயணம் முடிவானது. பனித்தட்டின் அந்தக் கோடியில் ஒரு வானிலைக் கம்பம் நிற்கிறது. ஒரு வருஷத்து அளவுகள் அதன் பெட்டிக்குள் இருக்கின்றன. கப்பல் கிளம்புவதற்கு முன்னால் போய் எடுத்துவர வேண்டும். சிவநேசன் சார், ஒரு டிரைவர், ஒரு மெக்கானிக், மூன்று பேர். பனி வண்டியில், ஜனவரி 8 காலையில். வழியை நாங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கஜா அண்ணா காலை வரைபடத்தில் கோடு போட்டார். கோடு சரியாக என் ஏழெட்டுக் கட்டங்கள் வழியாகப் போகிறது. இப்போது அவை பதினாறு ஆகிவிட்டன.

"பாரு, எப்படிப் பளபளன்னு இருக்கு. மத்த இடத்தைவிட இங்கதான் வெள்ளை அதிகம். ஹைவே மாதிரி" என்றார்.

அப்போதுதான் கவனித்தேன். உண்மைதான். காலைப் படத்தில் அந்த இடம் மற்ற பனியைவிட வெளிச்சமாக இருக்கிறது. போன மாதம் அப்படி இல்லை.

டிசம்பர் 31, புதன்

ஏன் வெளிச்சம் என்று கண்டுபிடித்துவிட்டேன். நூலகத்தில் பழைய ஆய்வுக்கட்டுரைகளில் இருந்தது. ஒருமுறை உருகி மறுபடி உறைந்த பனிக்குள் கட்டி கட்டியாக ஐஸ் தங்கிவிடும். அந்தக் கட்டிகள் அலையை இன்னும் பலமாகத் திருப்பி அனுப்பும். ஒருபோதும் உருகாத பனியைவிட, உருகி உறைந்த பனி அதிகமாக மின்னும்.

அப்படியென்றால் அந்த வெளிச்சம் கெட்டி என்பதற்கு அடையாளம் இல்லை. தினமும் மத்தியானம் தண்ணீராகி, அந்தத் தண்ணீர் கீழே இறங்கி எங்கோ சேர்கிறது. மேலே காலையில் ஒரு மூடி போட்டுக்கொள்கிறது.

ஹாஸ்டலில் புத்தாண்டுக்குக் கேக் வெட்டினார்கள். மேலே வெள்ளை க்ரீம். என்னால் சாப்பிட முடியவில்லை.

ஜனவரி 2, வெள்ளி

மேடம் அறைக்குப் போனேன். கதவைத் தட்டி, உள்ளே போய், நின்றேன். மேடம் கோவாவில் நடக்கும் கூட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "என்னம்மா பேச்சி?" என்று அன்பாகத்தான் கேட்டார். சொல்ல வாயெடுத்தேன். அவர் செல்போன் அடித்தது. கார் வந்துவிட்டதாம்.

"ஒண்ணுமில்ல மேடம். ஹேப்பி நியூ இயர்" என்றேன்.

ஜனவரி 3, சனி

கனவில் நான் கண்ணாடிமேல் நடக்கிறேன். கீழே தண்ணீரில் யாரோ மல்லாந்து படுத்து மேலே பார்த்துச் சிரிக்கிறார்கள். வாய் அசைகிறது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் குரல் வருகிறது. எண்களை வாசிக்கிறது.

ஜனவரி 5, திங்கள்

மேடம் இல்லாததால் இன்று கஜா அண்ணாதான் பேசினார். வழி சரி என்று சொல்லிவிட்டார். நான் எழுதிக்கொண்டிருந்தேன். பேனா மூடியைக் கடித்து உடைத்திருக்கிறேன்.

போனை வைப்பதற்கு முன் சிவநேசன் சார், "என்ன பேச்சியம்மா, இன்னிக்கு என்ன சாப்பாடு?" என்றார். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. இட்லி என்றிருப்பேன்.

போன் வைத்த பிறகு கஜா அண்ணாவிடம் மறுபடி போனேன். வெளிச்சத்தைப் பற்றிச் சொன்னேன். இந்த முறை சிரிக்கவில்லை. "பேச்சி, நீ சொல்றது சரின்னா இத்தினி வருஷம் நான் போட்டது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் எழுந்து போய்விட்டார். அவர் டீயை அப்படியே விட்டுப் போயிருந்தார். அதில் ஆடை படிந்திருந்தது.

ஜனவரி 8, வியாழன்

காலை எட்டே முக்காலுக்கு எல்லோரும் மேடம் அறையில். மேடம் நேற்று திரும்பிவிட்டார். ஒன்பதுக்குப் போன் வந்தது. பின்னால் வண்டி இன்ஜின் ஓடுகிற சத்தம் கேட்டது. பட்நாயக் சார் ஆங்கிலத்தில், வானம் தெளிவு, காற்று குறைவு, இன்னும் பத்து நிமிடத்தில் கிளம்புகிறார்கள் என்றார். மேடம் வாழ்த்து சொன்னார். பிறகு சிவநேசன் சார் குரல் வந்தது.

"பேச்சியம்மா, காலை அளவு எழுதிக்கறீங்களா? மைனஸ் நாலு..."

"சார், போகாதீங்க."

என் குரல்தான். யாரோ சொன்னது போலக் கேட்டது. மேடம் திரும்பினார். கஜா அண்ணா தலையைக் குனிந்துகொண்டார். அந்தத் தூரத்தின் இடைவெளி வந்தது. இவ்வளவு நீளமாக அது ஒருநாளும் இருந்ததில்லை.

"என்னங்க?"

"அந்த வழி மத்தியானத்துல உருகுது சார். நாங்க காலைல மட்டும் பாக்குறோம். நீங்களும் காலைலதான் மிதிச்சுப் பாக்குறீங்க. ஒரு மாசமா தினமும் உருகி உருகி மேல மட்டும் உறையுது. அடியில தண்ணி இருக்கும். அந்த இடம் அதனாலதான் சார் அவ்வளவு வெள்ளையா இருக்கு. நீங்க அங்க போய்ச் சேரும்போது மத்தியானம் ஆயிரும்."

ஆங்கிலத்தில் சொல்லியிருக்க வேண்டும். எல்லாம் தமிழிலேயே வந்துவிட்டது, அதுவும் ஊர்த் தமிழில். பட்நாயக் சார், என்ன சொல்கிறார் என்று கேட்டார். சிவநேசன் சார் ஒவ்வொரு வாக்கியமாக ஆங்கிலத்தில் சொன்னார். நான் சொன்னதில் எதையும் விடவில்லை, எதையும் சேர்க்கவில்லை. "சார் போகாதீங்க" என்றதை மட்டும் சொல்லவில்லை.

மேடம் என்னிடம், "காட்டு" என்றார். கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து மாலைப் படங்களை ஒவ்வொன்றாகப் போட்டேன். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். "கஜேந்திரன்?" என்றார்.

"ஆமா மேடம். அவ எங்கிட்ட சொன்னா. ரெண்டு வாட்டி சொன்னா" என்றார் கஜா அண்ணா. இதை அவர் மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை.

போகவே வேண்டாம் என்று மேடம் சொல்லவில்லை. போங்கள், ஆனால் அந்த இடத்துக்கு முன்னால் நில்லுங்கள், மத்தியானம் ஆகட்டும், இறங்கித் துளை போட்டுப் பாருங்கள் என்றார். சரி என்றார்கள். இன்ஜின் சத்தம் நகர்ந்து போனது.

பகல் முழுக்க என்ன செய்தேன்? மேசையைத் துடைத்தேன். பழைய கோப்புகளுக்குப் பெயர் மாற்றினேன். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மூடினேன். வெளியே நல்ல வெயில், இலையெல்லாம் காய்ந்து பளிச்சென்று இருந்தது. அந்த வெயில் அங்கேயும் இதே நேரத்தில் அடித்துக்கொண்டிருக்கும் என்று தோன்றியது. பிடிக்கவில்லை.

ஐந்தே கால் பேருந்தை விட்டுவிட்டேன். கஜா அண்ணாவும் கிளம்பவில்லை. ஒரு டீ வாங்கி வந்து என் முன்னால் வைத்தார்.

ஐந்தரைக்கு மேல் போன் வந்தது. சிவநேசன் சார்தான்.

"பேச்சியம்மா இருக்காங்களா? துளை போட்டோம். ஒரு கை நீளம் வரைக்கும் ஐஸ். அப்புறம் துளைக்கருவி சர்ருனு உள்ள போயிடுச்சு. எடுத்தா தண்ணி மேல வருது, நம்ம ஊர் போர்வெல்லாட்டம். நீளக் கம்பை விட்டுப் பாத்தேன். அடி தட்டலைங்க." இடைவெளி. "வண்டி எட்டு டன்னு."

எட்டு டன் என்று தாளில் எழுதினேன்.

"திரும்பி வந்துட்டோம். இப்ப வண்டியக் கழுவிட்டிருக்காங்க. சரி, திங்கக்கிழமை அளவு சொல்றேன். நீங்க சாப்பிட்டீங்களா?"

"இனிமேதான் சார்" என்றேன்.

ஜனவரி 9, வெள்ளி

நன்றாகத் தூங்கினேன். தலைக்குக் குளித்தேன்.

ஜனவரி 15, வியாழன். ஊர்

பொங்கல். லேப் லீவு, அதனால் நிலையத்துப் போனும் இல்லை. மதியம் வெயிலில் அம்மாவோடு வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

"எதுக்குத்தா அந்த போனை எடுத்து எடுத்துப் பாக்க?"

"மணி பாக்கேம்மா."

"செவத்துல கடிகாரம் தொங்குது."

நான் அளவுகளைப் பற்றிச் சொன்னேன், வெப்பம் சைபரைத் தாண்டினால் என்ன ஆகும் என்று விளக்கினேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ம்" என்றாள். பிறகு, "அந்தப் பனியளக்குற பையன் எந்தூரு?" என்றாள். பையன் என்று நான் சொல்லவே இல்லை. மூன்று பேர் என்றுதான் சொன்னேன்.

நேற்று ஊருக்கு வரும்போது சாத்தூரில் பஸ் மாறும் முன் காராச்சேவு ஒரு கிலோ வாங்கினேன். லேபில் எல்லோருக்கும்தான். மார்ச் வரை தாங்குமா என்று கடைக்காரரைக் கேட்டேன். காத்துப் புகாமல் வைத்தால் தாங்கும் என்றார்.

ஜனவரி 22, வியாழன்

இன்றிலிருந்து இரண்டு வரைபடம். காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று. மாலைப் படம் என் பொறுப்பு. கஜா அண்ணா பதினாலு வருஷத்து மாலைப் படங்களையும் தேடி எடுக்கத் தொடங்கியிருக்கிறார். "உன்னால எனக்கு ரிட்டயர் ஆகற வரைக்கும் வேலை" என்கிறார். முன்பு போலவே கிண்டல் செய்கிறார். ஆனால் என் பேரை வைத்து மட்டும் செய்வதில்லை.

போனில் இன்னொரு விஷயமும் பேசினார்கள். வானிலைக் கம்பத்துப் பெட்டியை இந்தக் கோடையில் எடுக்க முடியாது. பனித்தட்டு முழுக்க இறுகிய பிறகுதான் போக முடியும், அது மார்ச் கடைசியில். அதற்குள் கப்பல் போய்விடும். அப்படியே விட்டால் பெட்டி பனிக்குள் புதைந்து ஒரு வருஷத்து அளவு வீணாகும். குளிர்காலத்துக்கு என்று வந்திருக்கும் புதுக் குழுவோடு இவர்களில் யாராவது ஒருவரும் அங்கேயே தங்க வேண்டும். அடுத்த கப்பல் அடுத்த வருஷம்தான்.

சிவநேசன் சார் தங்குகிறேன் என்றிருக்கிறார்.

நல்ல முடிவு. அளவுகள் முக்கியம். வேறு யாருக்கும் அந்தக் கருவி அவ்வளவு பழக்கமில்லை.

ஹாஸ்டல் வந்து ஜன்னல் திரைகளைத் துவைத்தேன். அவற்றில் அழுக்கு அதிகம் இல்லை.

ஜனவரி 25, ஞாயிறு

நான் போகாதீங்க என்று சொன்னதால்தான்.

பிப்ரவரி 23, திங்கள்

கப்பல் கிளம்பிவிட்டது. பட்நாயக் சார் கப்பலிலிருந்து மேடமுக்குப் படம் அனுப்பியிருந்தார். தூரத்தில் நிலையம், சிவப்பும் நீலமுமாகச் சின்னப் பெட்டி. அதன் முன்னால் சில புள்ளிகள் நிற்கின்றன. எது யார் என்று தெரியவில்லை. பெரிதாக்கிப் பார்த்தால் எல்லாம் சதுரம் சதுரமாக உடைந்துவிடுகிறது.

கஜா அண்ணா என் இழுப்பறையைத் திறந்து, "இது என்னாம்மா, இத்தினி நாளா ஒளிச்சு வச்சிருக்க?" என்று காராச்சேவு டப்பாவை எடுத்தார். மூடியில் கை வைத்தவர் என் முகத்தைப் பார்த்தார். இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு, "எனக்கு இப்ப காரம் ஆகாது" என்றார். ஆகாது என்று யார் சொன்னது, வெள்ளிக்கிழமைகூட மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டார்.

மார்ச் 9, திங்கள்

மாலைப் படத்தில் கறுப்பு சுருங்கி வருகிறது. பதினாறு கட்டங்கள், பிறகு ஒன்பது, இன்று இரண்டு. அங்கே இப்போதுதான் இரவு நன்றாக இருட்டுகிறதாம். அவர் சொன்னார். இத்தனை மாதம் கழித்து இருட்டைப் பார்த்ததும் எல்லோரும் வெளியே வந்து நின்றார்களாம், சினிமா தொடங்குவதற்கு முன் விளக்கை அணைத்தது போல இருந்ததாம். "இருட்டுல எங்களை எப்படிப் பாப்பீங்க?" என்றார். அலைக்கு வெளிச்சம் தேவையில்லை சார், இருட்டிலும் பார்க்கும் என்றேன். "அப்ப பரவால்ல" என்றார்.

இப்போதெல்லாம் நான்தான் போனை எடுக்கிறேன்.

மார்ச் 19, வியாழன்

கனவு. அதே வெள்ளைத் தெரு. இந்த முறை குளிர்ந்தது. எப்படித் தெரிந்ததோ.

மார்ச் 26, வியாழன்

பத்து நாளாக மாலைப் படத்தில் ஒரு கறுப்பும் இல்லை. துளை போட்டும் பார்த்துவிட்டார்கள், அடிவரைக்கும் ஐஸ். இன்று காலை கிளம்பினார்கள். வழி சரி என்று சொன்னது நான். ஆங்கிலத்தில் சொன்னேன், புதுத் தலைவரிடம். வாக்கியம் சரியாக இருந்ததா என்று கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த இடம் இப்போது பனித்தட்டிலேயே மிக வெளிச்சமான இடம். காலையிலும் மாலையிலும். அத்தனை வெள்ளைக்கு நடுவில் தனியாகத் தெரிகிறது.

பன்னிரண்டு மணிக்கு, வழக்கமில்லாத நேரத்தில், போன் வந்தது. கையில் எடுத்துப்போகும் போனிலிருந்து. காற்று இரைந்தது. மேடம் சாப்பிடப் போயிருந்தார். கஜா அண்ணா தன் கணினியில் இருந்தார்.

"பேச்சியம்மா, சரியா நடுவுல நிக்கறோம். நீங்க சொன்ன இடம். வண்டி நிக்குது, நானும் நிக்கறேன். கல்லு மாதிரி இருக்குங்க."

"சரி சார்."

"இன்னும் ரெண்டு மணி நேரத்துல கம்பத்துக்குப் போயிடுவோம்." காற்று. இடைவெளி. "இங்க ஒண்ணுமே இல்லைங்க. எந்தப் பக்கம் பாத்தாலும் ஒண்ணுமே இல்ல. நான் இப்ப கையாட்டறேன். மேலேர்ந்து பாத்தா தெரியுதா?"

என் முன்னால் இன்றைய காலைப் படம் திறந்திருந்தது. ஒரு கட்டம் நாலரை கிலோமீட்டர்.

"தெரியுது" என்றேன்.

கஜா அண்ணா நிமிர்ந்து பார்த்தார். மறுபடி தன் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இடைவெளிக்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பு வந்து சேர்ந்தது.